மாட்டுக்குப் போட்ட வேலி

பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு முதலில் வேலி கிடையாது. ஒரே மனையில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட இரண்டு பலகை வீடுகள். இரண்டுக்கும் சொந்தக்காரர் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம். இடப்பக்க வீட்டில் ரயில்வே சரக்கு ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஒருவரும் அவர் மனைவியும் ஒரே மகளும் இருந்தார்கள். வலப்பக்க வீட்டில் நாங்கள் இருவர். என் வீட்டுக்காரர் ரயில் இஞ்சினில் கரி தள்ளுகிறவர். நான் டெங்கில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, கல்யாணமான கையோடு அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவள்.

வந்த புதிதில் எனக்கு எதைக் கண்டாலும் பயம். வண்டி ஓடும் சடக்கைத் தாண்டப் பயம். குழாயடியில் நிற்கப் பயம். பாசாரில் வாயைத் திறந்து விலை கேட்கப் பயம். தோட்டத்தில் பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் மண்டோர் சொல்கிறபடி நடந்தால் போதும். இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் இஞ்சினோடு கெமாஸ் வரைக்கும் போய்விடுவார், சில நாள் திரும்பவே மாட்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன்.

கதவைத் தட்டித் திறக்க வைத்தவள் கிராணியின் மனைவி. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். "பசியாறிட்டியா தங்கச்சி?" என்று கேட்டாள். நான் தலையை எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. தன் வீட்டுக்குப் போய் ஒரு தட்டில் இட்டிலி கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கதவோரத்தில் நின்றாள். அன்றிலிருந்து அவள் எனக்கு அக்கா.

புடவையை நகரத்துப் பெண்கள் மாதிரி கட்டச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். இந்திய மசூதிப் பக்கம் ஜவுளிக்கடைகளுக்குக் கூட்டிக்கொண்டு போய், பேரம் பேசும்போது துணியைக் கையில் எடுக்கக் கூடாது, எடுத்துவிட்டால் கடைக்காரர் விலையை இறக்க மாட்டார் என்று காதோடு சொன்னவளும் அவள்தான். அவள் மகள் அப்போது பாவாடை கட்டிய சிறுமி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். "சித்தி, சடை போட்டு விடு" என்று முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவளுடைய தலையைச் சீவிவிட்ட நேரமெல்லாம் எனக்கு அந்தக் குறை தெரியவில்லை.

இரண்டு வீட்டுக்கும் பின்னால் இருந்த நிலத்தில் கீரை, அவரை, பாகல் போட்டிருந்தோம். என் வீட்டுக்கு வலப்புறம் ஒரு காலி மனை. அதற்கப்பால் பால்காரர்களின் மாட்டுக்கொட்டகைகள். பால் கறந்ததும் மாடுகளை அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அவை காலி மனையில் மேய்ந்து முடித்து, எங்கள் கொல்லைக்குள் வந்துவிடும். ஒரு நாள் குழாயடிக்குப் போய்த் திரும்புவதற்குள் அவரைப் பந்தலோடு தரையில் கிடந்தது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இது சரிப்படாது. வேலி போட்டுடலாம் தங்கச்சி. ரெண்டு வீட்டையும் சேத்து ஒரே வேலி, ஒரே வாசல்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் அக்காவும் ஆற்றோரத்து மரக்கிட்டங்கிக்குப் போனோம். சின்ன வயதிலிருந்து மரத்தோடு வளர்ந்தவள்தான் நான், ஆனாலும் அத்தனை மரத்தை அறுத்து அடுக்கி வைத்துப் பார்த்ததில்லை. அறுத்த தூள் வாசம் மூக்கை அடைத்தது. என் வீட்டுக்காரர் கிள்ளானிலிருந்து படகில் வரும் பாக்காவ் கம்புகளைக் காட்டினார். சதுப்பு நிலத்து மரம், விலை மலிவு.

"மாட்டைத் தடுக்கத்தானே, இது போதும்" என்றார்.

"தம்பி, இது ரெண்டு மழைக்குத் தாங்காது" என்றாள் அக்கா. "போடறதே போடறோம். நம்ம பொண்ணு கல்யாணம் வரைக்கும் நிக்கிற மாதிரி போடுவோம்."

நம்ம பொண்ணு என்றாள். எனக்கு அந்தச் சொல் போதுமாக இருந்தது. அவர் முகத்தைச் சுளித்தபோது, அக்கா சொல்வதுதான் சரி என்று நானும் சேர்ந்துகொண்டேன். கால் நட, செங்கால் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மரத்தை எடுத்தோம். தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டையும் அதுதான், கரையான் லேசில் தொடாது. மேலே அடிக்க மெராந்திப் பலகை. கிட்டங்கிக்காரர் அடுக்கிலிருந்து உருவி உருவிப் போட்டதில், ஓரத்தில் வெளிறிய மரம் ஒட்டியிருந்ததையெல்லாம் நான் திருப்பித் தள்ளினேன். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவளுக்குக் கரையான் எங்கிருந்து ஏறும் என்று தெரியும். செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டோம்.

வேலி போட்ட ஞாயிற்றுக்கிழமைகள் என் வாழ்க்கையில் நன்றாக இருந்த நாட்கள். என் வீட்டுக்காரர் கடப்பாரையால் குழி தோண்டினார். செம்மண் கெட்டியாக இருந்தது, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுத் தோண்ட வேண்டியிருந்தது. மண்ணுக்குள் போகும் அடிப்பாகத்தைத் தீயில் வாட்டிக் கருக்கினால் சீக்கிரம் உளுக்காது என்று அவர் சொன்னார். அக்காவும் நானும் கொல்லையில் நெருப்பு மூட்டி, ஒவ்வொரு காலாகப் படுக்க வைத்து உருட்டி உருட்டிக் கருக்கினோம். கிராணி வெள்ளை வேட்டியோடு வந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடி நேராக இருக்கிறதா என்று பார்த்தார். தானும் ஓர் ஆணி அடிப்பேன் என்று சுத்தியலை வாங்கி, கட்டைவிரலில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அக்கா சிரித்த சிரிப்பில் கோப்பி புரையேறியது.

வாசலை அவர்கள் வீட்டுப் பக்கமாக வைத்தோம். கிராணியிடம் சைக்கிள் இருந்தது, நேராக உள்ளே தள்ளிக்கொண்டு வர வசதி என்று. எங்களுக்கு அதில் ஒன்றுமில்லை. அந்த வாசலில் நுழைந்து அக்காவின் வீட்டு முன்னால் நடந்து என் வீட்டுக்குப் போக எனக்குப் பிடித்துமிருந்தது.

பலகைகளுக்குத் தார் பூசியவள் நான். மண்ணெண்ணெய் டின்னில் வாங்கி வந்து, அடுப்பில் இளக்கி, தேங்காய் மட்டையை நசுக்கித் தூரிகையாக்கிப் பூசினேன். கை கறுத்துப்போய், சீயக்காய், சாம்பல் எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. "சித்தி கையால சோறு குடுத்தா சோறும் கறுப்பாயிடும்" என்று சொல்லி அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதன் பிறகு வேலியைப் பார்த்துக்கொள்வது என் வேலையானது. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. வருடக் கடைசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். கரையான் மண்கோடு இழுத்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் தார் தடவுவேன். ஆட்டம் கண்ட காலின் அடியில் கல் போட்டு இடிப்பேன். அந்தப் பெண் வளர வளர என்னோடு சேர்ந்து தார் பூசினாள். வலப்பக்க வேலியில், காலி மனையைப் பார்த்த பக்கத்தில், பாகல் கொடியை ஏற்றிவிட்டேன். மாடுகள் வெளியே நின்று மூக்கைத் துருத்திப் பார்த்துவிட்டுப் போகும்.

சில வருடங்கள் இப்படிப் போயின. பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். என் அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் போனார்கள். ரயில்வேயிலும் ஆட்குறைப்பு வரப்போகிறது என்று பேச்சு. என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது பேசுவதை நிறுத்திவிட்டார். மாலை வேளைகளில் கிராணியோடு வாசலில் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பார். ஆபீஸ் விஷயம் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் வேலை பார்க்கும் பையன் ஒருவன் இருக்கிறான் என்று அக்கா என்னிடம் சொன்னாள். முகம் கொள்ளாத சந்தோஷம் அவளுக்கு. எனக்கும்தான்.

அந்தச் சமயத்தில் என் தங்கைக்குப் பிரசவம். அவள் கிள்ளானில் இருந்தாள், அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அம்மா இல்லாததால் நான்தான் போக வேண்டும். நாலைந்து நாளில் வந்துவிடுகிறேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"எதுக்கு அவசரம்? ஒரு மாசம் இருந்து பாத்துட்டு வா" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். சோறு ஒரு வேளை தாமதமானால் முகம் கோணுகிற மனிதர். "சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

என்மேல் இருக்கிற கரிசனம் என்று எடுத்துக்கொண்டேன். அக்கா பூண்டு, சுக்கு, பெருங்காயம் எல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். ஸ்டேஷனுக்குப் புறப்பட்டபோது வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உடம்பப் பாத்துக்க தங்கச்சி. அவசரப்பட்டு வராதே" என்றாள். பிடித்த கையை விடவில்லை. என்னைப் பிரிய வருத்தம் என்று நினைத்து நான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.

தங்கைக்கு ஆண் குழந்தை. நல்லபடியாக எல்லாம் முடிந்து, ஒரு மாதம் கழித்து ரயிலில் திரும்பி வந்தேன். அக்காவுக்கென்று கிள்ளானில் வாங்கிய கருவாட்டுப் பொட்டலம் கையில் இருந்தது. நல்ல பகல். சடக்கிலிருந்து பார்த்தபோது எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. வாசலைத் திறந்து உள்ளே போனேன். அக்காவின் வீட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் எதிரில் வேலி நின்றது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில், சடக்கோரத்திலிருந்து கொல்லைச் சாக்கடை வரைக்கும், ஆளுயரத்துக்கு. அதற்கப்பால் என் வீட்டுக் கூரை தெரிந்தது. நான் தப்பான மனைக்குள் நுழைந்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். பிறகுதான் பலகைகளைப் பார்த்தேன். காய்ந்துபோன பாகல் கொடி இன்னும் சில பலகைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் ஏற்றிவிட்ட கொடி. நான் பூசிய தார். என் பக்கத்து வேலியைப் பிடுங்கி நடுவில் நட்டிருந்தார்கள்.

வெளியே வந்து, சடக்கில் நடந்து, காலி மனைக்குள் இறங்கி, அந்தப் பக்கமாக என் வீட்டுக்குப் போனேன். மாடு வரும் வழி அது. வேலிக்கால் பிடுங்கிய குழிகளில் தண்ணீர் நின்றது. கொல்லையில் கீரையில்லை, அவரையில்லை, சாணிதான் கிடந்தது.

என் வீட்டுக்காரர் முன்னறையில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். எப்போது வந்தாய் என்று கேட்கவில்லை.

"வேலிய யாரு பிடுங்கினா?" என்று கேட்டேன்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நான்தான்."

"எதுக்கு?"

"பொண்ணு பாக்க வர்றாங்க. மாப்பிள்ளை வீட்டுல கேட்டாங்களாம், பக்கத்துல ஒரே வளவுக்குள்ள இருக்கிறவங்க யாரு, என்ன ஆளுங்கன்னு. தோட்டத்து ஆளுங்க, ஆனா அவங்களுக்கும் எங்களுக்கும் பொழக்கமில்லேன்னு கிராணி சொல்லியிருக்காரு. ஒரே வாசல்ல போய் வந்துக்கிட்டிருந்தா எப்படி? அதான்."

"அதுக்கு நீங்க எதுக்குப் பிடுங்கணும்?"

"கிராணி செந்தூல் ரயில்வே பட்டறையில எனக்கு இடம் பாத்துத் தர்றேன்னாரு. இஞ்சின்ல ஆள் குறைக்கப்போறாங்க புள்ளே. உனக்குத் தெரியாது."

"என்னைக் கிள்ளான்ல ஒரு மாசம் இருக்கச் சொன்னது?"

கருவாட்டுப் பொட்டலத்தை அடுப்பங்கரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் அந்த வேலையை எப்படிச் செய்திருப்பார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஆணியாகக் கழற்றியிருக்க வேண்டும். காலைச் சுற்றி நான் இடித்த கல்லையெல்லாம் தோண்டி எடுத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் நான் தங்கையின் வீட்டில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அவர் என்ன சாப்பிட்டாரோ என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை, கிராணி ஆபீஸுக்குப் போன பிறகு, சடக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்து வெளியே வந்து, கதவைத் தன் பின்னால் இழுத்துச் சாத்திக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"குழந்தை நல்லா இருக்கா?" என்றாள்.

"இருக்கு. வேலி போடணும்னா எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே அக்கா. நானே தார் அடிச்சுக் குடுத்திருப்பேனே."

அவள் கண் கலங்கியது. "சொன்னா நீ அழுவே. நீ அழுதா நான் விட்டுடுவேன். அதனாலதான் உன் வீட்டுக்காரர்கிட்ட, தங்கச்சி ஒரு மாசம் கிள்ளான்ல இருந்துட்டு வரட்டும்னு சொன்னேன்."

"நீங்கதான் சொன்னீங்களா?"

"எனக்கு ஒரே பொண்ணு. உன்னை நான் வேணாம்னு சொல்லலே. கல்யாணம் நல்லபடியா முடியட்டும். அப்புறம் கொல்லைப் பக்கம் ஒரு பலகையக் கழட்டி விட்டுக்கலாம். யாருக்கும் தெரியாம போய் வந்துக்கலாம்."

அவள் அதை ஆசையோடுதான் சொன்னாள். எனக்குப் பெரிய உபகாரம் செய்வதாக அவள் உண்மையிலேயே நம்பினாள் என்று இன்றும் நினைக்கிறேன். அப்போது ஜன்னலில் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது. நான் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்தது நான் மட்டும்தான்.

"வேண்டாம் அக்கா. பலகைய அப்படியே விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு உட்கார்ந்து யோசிக்கையில் பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அத்தனை வருடத்தில் அக்கா என் வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லை. விரதம் என்பாள், வயிறு சரியில்லை என்பாள், இப்போதுதான் சாப்பிட்டேன் என்பாள். நான் கொடுத்தனுப்பிய குழம்புப் பாத்திரம் கழுவித் திரும்பி வரும், குழம்பு எப்படி இருந்தது என்று அவள் சொன்னதில்லை. அந்தப் பெண் மட்டும்தான் என் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள், அதுவும் வீட்டில் சொல்லாதே சித்தி என்பாள். அம்மா அதட்டுவாள், பசி கெட்டுப்போகும் என்பதற்காக என்று நினைத்திருந்தேன்.

மாடுகள் பழையபடி என் கொல்லைக்குள் வரத் தொடங்கின. என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்காவ் கம்புகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்து போட்டார். "அந்தப் பக்கம் அடைச்சுத் தர்றேன்" என்றார்.

"இருக்கிற வேலி போதும்" என்றேன்.

கம்புகள் போட்ட இடத்திலேயே கிடந்து மழையில் கறுத்தன. நான் அதற்கப்புறம் அந்தக் கொல்லையில் ஒன்றும் நடவில்லை.

தையில் கல்யாணம். எங்களுக்கு வெற்றிலை பாக்கு வைக்கவில்லை. பந்தல் கால் ஊன்ற இடம் போதாமல், ஒரு பக்கத்துக் கயிறுகளை நடுவேலியில்தான் கட்டினார்கள். மேளச் சத்தம் என் வீட்டுக்குள் என்னுடைய வீட்டுக் கல்யாணம் மாதிரியே கேட்டது. என் வீட்டுக்காரர் காலையிலேயே குளித்து, கொல்லைப் பக்கமாகப் போனார். விறகு பிளக்கவும் தண்ணீர் சுமக்கவும் ஆள் வேண்டுமென்று கிராணி கூப்பிட்டிருந்தார். மத்தியானம் என் வீட்டுக்காரர் ஒரு தூக்கில் சோறும் லட்டும் கொண்டுவந்தார். அக்கா கொடுத்தாளாம். நான் தொடவில்லை. அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். வேலியை நட்டதைவிட அதுதான் எனக்கு அன்றைக்கு அதிகமாக வலித்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

கிராணி வாக்குத் தவறவில்லை. கல்யாணம் முடிந்த சில மாதங்களில் என் வீட்டுக்காரருக்குச் செந்தூல் பட்டறையில் வேலை கிடைத்தது, குடியிருக்க லயத்தில் ஒரு வீடும். அவரோடு கரி தள்ளிய பலர் வேலை போய் ஊருக்குக் கப்பலேறினார்கள். அந்த விதத்தில் நாங்கள் தப்பித்தோம். அதை நான் மறைக்கவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் நானும் சாப்பிட்டேன்.

வீடு மாற மாட்டுவண்டி வந்து நின்றது. சாமான்களை ஏற்றி முடித்ததும், நான் உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடுவேலிக்கு வந்தேன்.

"என்ன பண்றே?" என்று கேட்டார் அவர்.

"நம்ம பக்கத்து மரம். நம்ம பாதி. எடுத்துட்டுப் போறேன்."

"விடு புள்ளே. இப்ப எதுக்கு அது?"

நான் முதல் பலகையின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். ஆணி கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. வண்டிக்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார். என் வீட்டுக்காரர் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு நின்றார். உதவிக்கும் வரவில்லை, தடுக்கவும் இல்லை. பலகைகள் சுலபமாக வந்துவிட்டன. கால்களை அசைக்கத்தான் நேரம் பிடித்தது. கை கொப்புளித்து உடைந்தது.

பாதி வேலி போனதும் அக்கா வெளியே வந்தாள். அத்தனை மாதங்களுக்குப் பிறகு நடுவில் ஒன்றுமில்லாமல் நாங்கள் எதிரெதிரே நின்றோம்.

"என்ன தங்கச்சி இது? இங்க வேற ஆள் குடிவருவாங்களே. இப்படித் திறந்து போட்டுட்டுப் போறியே."

"வர்றவங்க யாரு, என்ன ஆளுங்கன்னு பாத்துட்டு நீங்களே போட்டுக்குங்க அக்கா."

அவள் முகம் சுருங்கிப்போனது. நான் மிச்சத்தையும் பிடுங்கினேன். வண்டிக்காரர் மனமிரங்கி வந்து கால்களைத் தூக்கி ஏற்றினார்.

செந்தூலில் அந்த மரத்துக்கு வேலை இல்லை. லயத்து வீட்டுக்கு வேலி போட இடமில்லை, போடவும் விட மாட்டார்கள். சமையலறைக்குப் பின்னால் அடுக்கி வைத்தேன். அவர் இரண்டொரு முறை, யாருக்காவது கொடுத்துவிடலாமே என்றார். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அத்தனை வருடத்துக்கப்புறம் எனக்குப் பிள்ளை பிறந்தபோது வெந்நீர் போடப் பலகைகளை எரித்தேன். தார் பூசிய மரம், புகை கண்ணைக் கரித்தது.

மகன் நடக்கத் தொடங்கியிருந்த சமயம் ஒரு மத்தியானம் வாசலில் யாரோ "சித்தி" என்றார்கள். அக்காவின் மகள். இடுப்பில் ஒரு பெண்குழந்தை. முகம் இளைத்திருந்தாலும் நல்லபடியாகத்தான் இருந்தாள். உட்காரச் சொல்லிக் கோப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் குடித்தாள். கொஞ்ச நேரம் குழந்தைகளைப் பற்றிப் பேசினோம். பிறகு அவள் சட்டென்று அழத் தொடங்கினாள்.

"சித்தி, அவங்க வீட்டுல யாரும் ஒண்ணுமே கேக்கல."

எனக்கு முதலில் புரியவில்லை. "எதை?"

"பக்கத்துல யாருன்னு. என்ன ஆளுங்கன்னு. அவங்க வேலியப் பாக்கக்கூட இல்லை. கல்யாணமாகிப் போனதுக்கப்புறம் ஒரு நாள் என் மாமியார்கிட்டயே கேட்டேன். நாங்க எதுக்கு அதையெல்லாம் கேக்கப்போறோம்னாங்க. அப்பாதான் தானா நெனைச்சுக்கிட்டுப் பண்ணிட்டாரு. அம்மாவுக்கே கல்யாணத்துக்கப்புறம்தான் தெரியும்."

அவளைச் சமாதானப்படுத்தி, தலையைத் தடவிவிட்டு அனுப்பினேன். சடை போட்டு விடவா என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

மாலையில் என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"மாப்பிள்ளை வீட்டுல யாரும் கேக்கவே இல்லையாமே" என்றேன்.

அவர் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். "யாரு சொன்னா?"

"பொண்ணு வந்திருந்துச்சு."

சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்போலேருந்து?"

"அப்பவே. கிராணிதான் சொன்னாரு, மாப்பிள்ளை வீட்டுல கேட்டதா உன் வீட்டுல சொல்லிடு, அப்பத்தான் அவ சண்டை போடாம இருப்பான்னு."

"நீங்களும் சொல்லிட்டீங்க."

"வேலை போயிடும்னு பயம், புள்ளே."

அந்தப் பயம் பொய் இல்லை. எனக்குத் தெரியும். அவர் அதை முதலிலேயே என்னிடம் சொல்லியிருந்தால், நானே அவரோடு சேர்ந்து கடப்பாரை பிடித்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். நான் அக்கா வீட்டுக்கு அவமானம் என்று என்னை நம்பவைத்து, அத்தனை வருடம் அந்த அவமானத்தோடு என்னை நடமாட விட்டார். அக்காவின்மேல் நான் எரிந்துகொண்டிருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் மகனைத் தூக்கிக்கொண்டு கிள்ளான் ரயிலேறினேன். எத்தனை நாள் இருப்பாய் என்று தங்கை கேட்டாள். தெரியாது என்றேன்.

அவர் வந்து கூப்பிட்டபோது போனேன். போகாமல் எங்கே இருப்பது? குடும்பம் நடந்தது, இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், அவர் எங்களை ஒரு நாளும் பட்டினி போட்டதில்லை. ஆனால் அவர் யாராவது சொன்னார்கள் என்று எதைச் சொன்னாலும், நான் புடவையை மாற்றிக்கொண்டு அந்த வீட்டுக்கே போய், நீங்கள் இப்படிச் சொன்னீர்களா என்று கேட்டுவிட்டு வருவேன். பட்டறைச் சாமான் காணவில்லை என்று மண்டோர் சொன்னதாக அவர் சொன்னபோது மண்டோர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்துவிட்டார்கள் என்று அவர் சொன்னபோது வாத்தியாரையே போய்க் கேட்டேன். அதில் அவர் சொன்னது உண்மையாகத்தான் இருந்தது. திரும்பி வந்து அவரிடம், ஆமாம், அப்படித்தான் சொல்கிறார்கள் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். எதற்குப் போனாய் என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை.